கேளுங்கள், சொல்கிறேன்: ஊட்டியில் வேகாத பருப்பு

ஊட்டி வாசகி: திருச்சியில் மூன்று விசிலில் குழைந்த துவரம்பருப்பு, இங்கே குடிவந்தபின் அதே குக்கரில் அரைவேக்காடாக நிற்கிறது. குறை பருப்பிலா, குக்கரிலா?

இரண்டிலும் இல்லை, அம்மா. குறைந்திருப்பது காற்றழுத்தம். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 92, 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். அதன்பின் எவ்வளவு எரித்தாலும் தண்ணீர் ஆவியாகுமே தவிர, சூடு ஏறாது.

குக்கரின் வெயிட், வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தத்தை உள்ளே பிடித்துவைக்கிறது. திருச்சியில் அதனால் 120 டிகிரி கிடைக்கும். வெளிக்காற்று மெலிந்த ஊட்டியில் 116 டிகிரிதான். நான்கு டிகிரி அற்பமாகத் தோன்றலாம். பருப்புக்கு அது அற்பமில்லை.

விசிலை எண்ணுவதை விட்டுவிடுங்கள் என்பதே என் யோசனை. தீயைக் கூட்டினால் விசில் அடுத்தடுத்து வரும், தணித்தால் வரவே வராது. இரண்டு நிலையிலும் உள்ளே சூடு கிட்டத்தட்ட ஒன்றுதான். பருப்பை ஊறவையுங்கள். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். திருச்சியில் வைத்த நேரத்தைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வையுங்கள்.

இந்தப் பாத்திரத்தை உலகுக்குத் தந்தவரை நாம் போதிய அளவு கொண்டாடவில்லை என்ற மனக்குறை எனக்கு உண்டு. டெனி பாப்பன், பிரான்சில் பிறந்து மருத்துவம் படித்தவர். 1679-இல் லண்டனில், மூடியை இறுக்கிப் பூட்டும் இரும்புப் பாத்திரம் ஒன்றைச் செய்தார். ஆவி மிஞ்சினால் பாத்திரம் வெடிக்கும் என்பதால், எடை தொங்கும் நெம்புகோலால் ஆவித் துளையை அடைத்தார். அழுத்தம் அளவு மீறினால் எடை தூக்கிக்கொண்டு வழிவிடும். உங்கள் குக்கரின் வெயிட் அதன் நேர் வாரிசு.

1682-இல் இங்கிலாந்தின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் அறிஞர்களுக்கு அதில் சமைத்து விருந்து வைத்தார். மிகக் கடினமான மாட்டெலும்பும் ஆட்டெலும்பும் பாலாடைக்கட்டி போல மெத்தென்று வெந்திருந்ததாக, அங்கே உண்ட ஜான் எவ்லின் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். ஏழைகள் வீசியெறியும் எலும்பிலிருந்தும் சத்துள்ள உணவு கிடைக்க வேண்டும் என்பது பாப்பனின் எண்ணம். ஆவியின் வலிமையைக் கண்டவர், 1690-இல் ஆவியால் பிஸ்டனை நகர்த்தும் வழியையும் எழுதினார். நீராவி இயந்திரத்துக்கு அது ஒரு விதை. அப்படிப்பட்டவர் கடைசிக் காலத்தை லண்டனில் வறுமையில் கழித்தார்.

தூத்துக்குடி வாசகர்: மாரத்தான் தூரம் ஏன் 42.195 கிலோமீட்டர்? முழு எண்ணாக வைத்திருக்கக் கூடாதா?

முதல் ஒலிம்பிக்கில், 1896-இல் ஏதென்ஸில், ஓடியது சுமார் 40 கிலோமீட்டர். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் வின்ட்சர் கோட்டையில் தொடங்கி, மைதானத்தில் அரச குடும்பம் அமர்ந்த இடத்துக்கு முன்னால் முடித்தார்கள். அந்தப் பாதையின் நீளம்தான் இந்த எண். 1921-இல் அதையே உலகத்துக்கும் விதியாக்கினார்கள்.

அன்று இத்தாலியின் டொராண்டோ பியெட்ரி முதலில் மைதானத்துக்குள் வந்தார். திசை தவறினார், திரும்பத் திரும்ப விழுந்தார். அதிகாரிகள் தூக்கிவிட, பந்தயத்தின் முடிவுக்கோட்டைக் கடந்தார். பிறர் உதவி பெற்றதால் தங்கம் அமெரிக்காவின் ஜானி ஹேய்ஸுக்குப் போயிற்று. விதிப்படி அது சரியான தீர்ப்பு. ஆனால் மறுநாள் அரசி அலெக்ஸாண்ட்ரா பியெட்ரிக்கு ஒரு வெள்ளிக் கோப்பையைத் தனியே வழங்கினாரே, அதுவும் சரிதான்.

சிவகாசி வாசகர்: மண்ணுக்கடியில் மக்கள் குடியிருக்கும் ஊர் உண்டா?

உண்டு. அடிலெய்டுக்கு வடக்கே சுமார் 850 கிலோமீட்டரில், ஆஸ்திரேலியப் பாலைநிலத்தில் இருக்கும் கூபர் பீடி. 1915-இல் தந்தையோடு தங்கம் தேடிச் சென்ற 14 வயதுச் சிறுவன் அங்கே ஓபல் என்னும் ரத்தினக் கல்லைக் கண்டெடுத்தான். கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் என்பதால், கல்லுக்காகத் தோண்டியவர்கள் வீட்டையும் பாறைக்குள் குடைந்துகொண்டார்கள். உள்ளே ஆண்டு முழுவதும் 25 டிகிரியை ஒட்டியே இருக்கும். தேவாலயங்கள்கூடப் பூமிக்கடியில் உண்டு.