பக்கத்து மனையில் கதண்டுக் கூடு: யாரைக் கேட்பது?

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பை ஒட்டி ஒரு காலி மனை பூட்டிக் கிடக்கிறது. உரிமையாளர் வேறு ஊரில் இருக்கிறார். அங்குள்ள மரத்தில் பானை அளவுக்குக் கதண்டுக் (பெரிய விஷக் குளவி) கூடு. கூடு இருக்கும் கிளை தெருப் பக்கம் நீண்டிருக்கிறது, எங்கள் பால்கனியும் அதற்குப் பக்கம்தான். இரண்டு மாதத்துக்கு முன்பே அவருக்கு வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினேன். பார்த்தார், பதில் இல்லை. போன வாரம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாவை ஏழெட்டுக் கதண்டுகள் கொட்டிவிட்டன. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். போன் செய்து கேட்டால், "கதண்டு என்ன நான் வளர்த்ததா?" என்கிறார். குடியிருப்போர் சங்கம் "காம்பவுண்டுக்கு வெளியே" என்று ஒதுங்கிவிட்டது. உள்ளாட்சி அலுவலகத்தில் "தனியார் மனை" என்கிறார்கள். தெருப் பையன்கள் வேறு கூட்டின் மீது கல் எறிகிறார்கள். இரவில் நாங்களே கொளுத்திவிடலாமா? ஆஸ்பத்திரிச் செலவை அவரிடம் வாங்க முடியுமா?

பதில்: கொளுத்தும் யோசனையை முதலில் விடுங்கள். தேனீ கொட்டினால் அதன் கொடுக்கு தோலில் மாட்டிக்கொள்ளும். கதண்டுக்கு அப்படி இல்லை, ஒரே பூச்சி திரும்பத் திரும்பக் கொட்டும். கொட்டும்போது வெளிப்படும் விஷத்தின் வாடை கூட்டிலிருக்கும் மற்றவற்றையும் கிளப்பிவிடும். நிறையக் கொட்டு வாங்கியவர்களுக்குத் தசை சிதைந்து சிறுநீரகம் செயலிழந்துபோவது உண்டு. ஒவ்வாமை இருப்பவர் என்றால் ஒரு கொட்டிலேயே சில நிமிடங்களில் மூச்சு அடைத்துவிடலாம்.

சட்டப்படியும் அது வம்பு. அடுத்தவர் மனைக்குள் அனுமதியில்லாமல் நுழைவது உரிமையியல் தவறு. தீயைக் கவனக்குறைவாகக் கையாண்டு பிறர் உயிருக்கு ஆபத்து விளைவித்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 287-ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை உண்டு. கூடு பாதி எரிந்து, கிளம்பிய கதண்டுகள் தெருவில் போகிற ஒருவரைக் கொட்டிவிட்டால், இன்று நீங்கள் அந்த உரிமையாளர் மேல் சொல்கிற குற்றச்சாட்டு நாளை உங்கள் மேல் திரும்பும். "பெரிய ஆபத்தைத் தடுக்கத்தான் செய்தேன்" என்று 19-ஆவது பிரிவைக் காட்டி வாதாடலாம்தான். ஆனால் கூப்பிட்டால் வரக்கூடிய தீயணைப்பு மீட்புப் பணித் துறை இருக்கும்போது அந்த வாதம் எடுபடாது.

ஆகவே 101 அல்லது 112-ஐ அழையுங்கள். கதண்டுக் கூடு அழிப்பது அவர்கள் அடிக்கடி செய்கிற வேலை, அதற்கான உடையும் அவர்களிடம் உண்டு. அழைப்பதற்கு முன் உரிமையாளருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள்: "தீயணைப்பு வீரர்கள் வந்து கூட்டை எடுக்க உங்கள் மனைக்குள் நுழைய வேண்டும். சம்மதமா?" சம்மதித்தால் பாதிப் பிரச்சினை அன்றே முடிந்துவிடும். மறுத்தாலோ பதிலே சொல்லாமல் இருந்தாலோ, வழக்கில் அது உங்களுக்கு நல்ல ஆதாரம்.

இப்போது பொறுப்பு யாருடையது என்று பார்ப்போம். "நான் வளர்த்ததா?" என்ற அவருடைய கேள்வி திமிராகத் தெரிந்தாலும் சட்டத்தில் ஓரளவு நியாயம் உள்ள கேள்விதான். காட்டுப் பூச்சிக்கு உரிமையாளர் கிடையாது. அவர் தேன்பெட்டி வைத்து வளர்த்திருந்து அந்தத் தேனீக்கள் கொட்டியிருந்தால் கதை வேறு. விலங்கைக் கவனக்குறைவாக வைத்திருந்ததாக நியாய சன்ஹிதாவின் 291-ஐப் போட்டு நோட்டீஸ் அனுப்புகிற வக்கீல்கள் இருக்கிறார்கள். "தன் வசமுள்ள விலங்கு" என்பதுதான் அந்தப் பிரிவின் உயிர். தானாக வந்து கூடு கட்டிய கதண்டு யார் வசமும் இல்லை, எனவே அந்தப் பிரிவு முதல் நாளிலேயே விழுந்துவிடும்.

ஆனால் கதண்டுக்கு உரிமையாளர் இல்லையென்றாலும் மரத்துக்கும் மனைக்கும் இருக்கிறார். தன் நிலத்தில் இயற்கையாகவே ஓர் ஆபத்து உண்டாகி, அது தனக்குத் தெரிந்த பிறகும் சும்மா இருப்பவரின் பொறுப்பு என்ன? இதில் இன்றும் வக்கீல்கள் எடுத்துக்காட்டுகிற ஒரு தீர்ப்பு, மேற்கு ஆஸ்திரேலியாவில் மின்னல் தாக்கி எரிந்த ஒரு மரத்தைப் பற்றியது. நிலத்துக்காரர் மரத்தை வெட்டிச் சாய்த்தார், ஆனால் தீயை முழுக்க அணைக்காமல் "தானே எரிந்து அடங்கட்டும்" என்று விட்டுவிட்டார். காற்று வீசி, தீ அக்கம்பக்கத்து நிலங்களுக்குப் பரவியது. மின்னலுக்கு அவர் பொறுப்பல்ல, ஆனால் தெரிந்தபின் செய்யக்கூடியதைச் செய்யாததற்குப் பொறுப்பு என்று 1966-ல் லண்டனிலுள்ள மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் சொன்னது. எவ்வளவு செய்யவேண்டும் என்பது அவரவர் சக்தியைப் பொறுத்தது என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. தள்ளாத வயதில் தனியாக இருப்பவரிடம் எதிர்பார்ப்பது வேறு, ஒரு போன் போட்டால் வேலை முடியக்கூடியவரிடம் எதிர்பார்ப்பது வேறு. இது நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது, ஆனாலும் இத்தகைய வழக்குகளில் மதித்துக் கேட்பார்கள்.

நம் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் சாலையோர மரம்தான் உயிரைப் பறித்தது. 1997-ல் வந்த ராஜ்கோட் மாநகராட்சி வழக்கில், நன்றாக நின்ற மரம் திடீரென்று சாய்ந்து ஒருவர் இறந்தார். விழும் என்று மாநகராட்சி எதிர்பார்த்திருக்க முடியாது, எனவே பொறுப்பு இல்லை என்று தீர்ப்பானது. 1999-ல் டெல்லி மாநகராட்சி வழக்கில், பட்டுப்போன மரத்தின் கிளை முறிந்து ஸ்கூட்டரில் போனவர் தலையில் விழுந்தது. பார்த்தாலே தெரியும் நிலையில் இருந்த மரம், பராமரிப்பவர் கவனித்திருக்க வேண்டும் என்று சொல்லி மாநகராட்சியை இழப்பீடு கொடுக்க வைத்தார்கள். ஆபத்து தெரிந்ததா, தெரிந்திருக்க வேண்டியதா என்ற ஒரே கேள்வியில்தான் இரண்டு வழக்கும் இரண்டு பக்கம் போயின.

உங்கள் வழக்கின் பலமும் அங்கேதான். கூட்டின் படத்தை நீங்கள் அனுப்பியிருக்கிறீர்கள், அவர் பார்த்திருக்கிறார், அதற்குப் பின் இரண்டு மாதம் போயிருக்கிறது, அதன் பிறகே அம்மாவைக் கொட்டியிருக்கிறது. அந்தச் செய்தியை எந்தக் காரணத்துக்காகவும் அழித்துவிடாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, அந்தப் போனும் இருக்கட்டும். மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் காட்டும்போது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ஆவது பிரிவுப்படி ஒரு சான்றிதழ் கொடுக்க வேண்டும், பழைய சட்டத்தில் 65பி என்று சொன்னோமே, அதுதான். இதைக் கோட்டைவிட்டு நல்ல ஆதாரத்தை இழந்தவர்கள் நிறையப் பேர்.

வாட்ஸ்அப்போடு நிற்காமல் தபாலில் ஒரு கடிதமும் போடுங்கள். வக்கீல் நோட்டீஸாக இருந்தால் நல்லது, நீங்களே எழுதினாலும் செல்லும். கூடு எங்கே இருக்கிறது, முதலில் எப்போது தெரிவித்தீர்கள், அம்மாவுக்கு என்ன ஆயிற்று, எத்தனை நாளுக்குள் கூட்டை அகற்ற வேண்டும், செலவு எவ்வளவு என்பதை எழுதிப் படத்தையும் இணையுங்கள். வசவு ஒரு வரிகூட வேண்டாம். நீதிபதி படிக்கப்போகிற கடிதம் அது.

அடுத்து கோட்டாட்சியர், அவர்தான் இதில் நிர்வாக நடுவர். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆவது பிரிவு, பழைய சட்டத்தில் 133, பொது இடத்துக்குத் தொல்லையாக இருப்பதை அகற்றச் சொல்லி நிர்வாக நடுவர் உத்தரவிடலாம் என்கிறது. "பொது" என்ற சொல்லைக் கவனியுங்கள். கூடு உங்கள் பால்கனிக்கு மட்டும் ஆபத்து என்று மனு எழுதினால் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்வார்கள். தெருவில் நடப்பவர்களுக்கும் பள்ளிக்குப் போகிற பிள்ளைகளுக்கும் ஆபத்து என்பது உண்மையாகவே உங்கள் விஷயத்தில் இருப்பதால், அதை முன்னால் வைத்து, தெருக்காரர்கள் நாலைந்து பேர் கையெழுத்தோடு மனு கொடுங்கள். விசாரணை முடியும்வரை காத்திருக்க முடியாத ஆபத்து என்றால் 161-ஆவது பிரிவில் உடனடித் தடுப்பு உத்தரவு போடலாம். எதிர்த்தரப்பு கேட்காவிட்டால் நடுவரே ஆளை வைத்து ஆபத்தை நீக்கவும் அதே பிரிவு இடம் தருகிறது. மனுவில் 161-ஐக் குறிப்பிட்டுக் கேளுங்கள், கேட்காமல் தானாக நடக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

உள்ளாட்சி அமைப்பு "தனியார் மனை" என்று கைகழுவியது பற்றி. கிளை தெருவுக்கு மேல் இருக்கிறது, தெரு அவர்களுடையது. எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அசையவில்லை என்றால் புகாரின் மேல் என்ன நடவடிக்கை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். ஆளில்லை, நிதியில்லை என்று சொல்வார்கள். ரத்லாம் நகராட்சி வழக்கில் 1980-லேயே அந்தச் சாக்கை உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்துவிட்டது. அந்த வழக்கே பழைய 133-ஆவது பிரிவில் பிறந்தது என்பதால் உங்கள் மனுவிலும் அதைச் சேர்த்துக்கொள்ளலாம். சங்கத்தைப் பொறுத்தவரை, வெளியே உள்ள மரத்துக்கு அவர்களைப் பொறுப்பாக்க முடியாது. ஆனால் ஒரு எச்சரிக்கைப் பலகை வைக்கவும், லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் எழுதவும் அவர்களுக்கு என்ன கேடு?

போலீஸுக்குப் போகலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் பலர் முதலில் அங்கேதான் ஓடுகிறார்கள். சும்மா இருந்ததையே குற்றமாக நிரூபிப்பது கடினம். உங்களுக்குத் தேவையானது கூடு அகல்வதும் செலவு திரும்புவதும். அதற்குக் கோட்டாட்சியரும் உரிமையியல் வழியும் போதும்.

செலவை மீட்க, மூன்று ஆண்டுக்குள் இழப்பீட்டு வழக்கு போடலாம். உள்ளாட்சியையும் எதிர்மனுதாரராகச் சேர்ப்பதாக இருந்தால் ஓராண்டுக்குள் போட்டுவிடுங்கள். சட்டப்படியான கடமையைச் செய்யவில்லை என்று கேட்கிற இழப்பீட்டுக்குக் காலவரம்புச் சட்டம் அவ்வளவுதான் நேரம் தருகிறது. சிகிச்சைச் செலவு, வேலை இழப்பு, பட்ட வேதனை எல்லாவற்றுக்கும் கேட்கலாம். ஆனால் மூன்று நாள் ஆஸ்பத்திரிச் செலவுக்காக வருடக்கணக்கில் நீதிமன்றம் ஏறி இறங்குவதைவிட, சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய மனு கொடுப்பதையே நான் சொல்வேன். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி உண்டு, ஆகவே மனுவை அம்மா பெயரிலேயே போடுங்கள். லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) சமரசமானால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. வெளியூரில் இருக்கிற மனைக்காரர்கள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில் இறங்கி வந்துவிடுவார்கள்.

ஆஸ்பத்திரிக் காகிதங்களை இப்போதே எடுத்துப் பாருங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் வெறும் "ஒவ்வாமை" என்று இருந்தால் டாக்டரைப் பார்த்து, கதண்டு கொட்டியதால் வந்தது என்று பதியச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேடான ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரில் பதிந்திருந்தால் அதன் நகலும் வாங்குங்கள். இது காப்பீட்டுக்கும் உதவும். கொசு கடித்து மலேரியா வந்து இறந்தது விபத்தல்ல என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதைக் காட்டிச் சில காப்பீட்டு நிறுவனங்கள் எந்தப் பூச்சிக்கடிக்கும் கையை விரிக்கின்றன. அந்த வழக்கு மலேரியா பரவலாக இருக்கிற ஒரு நாட்டில் நோய் வந்ததைப் பற்றியது. கதண்டு நோயைப் பரப்பவில்லை, திடீரென்று வெளியிலிருந்து வந்து காயப்படுத்துகிறது. நாய்க்கடி, பாம்புக்கடி வரிசையில் வைத்து வாதாட வேண்டியது அது. மத்திய அரசின் விபத்துக் காப்பீட்டுத் திட்டமான பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவிலும் பாம்புக்கடி போன்றவற்றுக்கு உடனடி மருத்துவமனைப் பதிவைத்தான் ஆதாரமாகக் கேட்கிறார்கள். உயிரிழப்பே நேர்ந்துவிட்டால், விலங்கால் நேர்ந்த சாவையும் போலீஸ் விசாரிக்க வேண்டும் என்று சுரக்ஷா சன்ஹிதாவின் 194 சொல்கிறது. துக்கத்தில் பிரேதப் பரிசோதனையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பிறகு காப்பீட்டுக்காக அலைகிற குடும்பங்கள் உண்டு.

கல்லெறியும் பையன்கள் விஷயம் லேசானதல்ல. "யாரோ கல்லெறிந்ததால்தான் கொட்டியது" என்பதுதான் மனைக்காரர் தரப்பின் முதல் வாதமாக இருக்கும். அன்று யாராவது எறிந்தார்களா என்று அக்கம்பக்கத்தில் விசாரித்து வையுங்கள். எறிந்திருந்தாலும் அவர் முழுக்கத் தப்பிவிட முடியாது, தெருவோரக் கூட்டின் மேல் பிள்ளைகள் கல்லெறிவார்கள் என்பது யாரும் எதிர்பார்க்கக்கூடியதே. பெற்றோர்களிடம் இன்றே பேசுங்கள். ஏழு வயதுக்குக் கீழே இருந்தால் பிள்ளைமேல் குற்றமே கிடையாது, ஆனால் தெரிந்தும் தடுக்காத பெற்றோரைக் கவனக்குறைவுக்காகக் கேட்க முடியும்.

கூட்டை எடுத்துவிட்டால் வழக்கு போய்விடுமோ என்று பயந்து அதை ஒரு நாள்கூட விட்டுவைக்க வேண்டாம். அம்மாவுக்குக் காயம் பட்ட அன்றே உங்கள் உரிமை பிறந்துவிட்டது. எடுப்பதற்கு முன் கூடு, கிளை, உங்கள் பால்கனி மூன்றும் ஒரே படத்தில் தெரியும்படி தள்ளி நின்று போட்டோ எடுங்கள். தீயணைப்பு நிலையத்தில் அழைப்பு பதிவான தேதியையும் நேரத்தையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.