கடுமையான பதற்ற நோய்களில் என்னென்ன வகை உண்டு? என் மனைவிக்கு எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

டாக்டர் வகையைச் சொல்லாமல் மாத்திரை மட்டும் எழுதிக் கொடுத்திருப்பார், அதனால்தான் இங்கே கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் டாக்டர் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூடவே இருந்து பார்த்ததைத்தான் எழுதுகிறேன், "படிக்காமல் வைத்தியம் சொல்கிறாள்" என்று யாரும் கிளம்பி வர வேண்டாம்.

எங்கள் ஆச்சிக்கு, அதாவது அக்காவுக்கு, காரைக்குடிப் பக்கம் ஒரு பங்காளி வீட்டுக் கல்யாணத்தில்தான் முதலில் வந்தது. இரண்டாங்கட்டில் பந்தி, இலையில் கவுனி அரிசி வைத்தாயிற்று, திடீரென்று விரலெல்லாம் மரத்துப்போய் நெஞ்சை அடைக்கிறது, "செத்துப்போயிடுவேன் போல இருக்குடி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள், புடவையெல்லாம் வியர்வை. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் அடங்கிவிட்டது. ஈசிஜி சரியாக இருந்தது, வெறும் வாயு என்றார்கள். அப்புறம் பஸ்ஸில் ஒரு தடவை வந்தது. அதோடு குன்றக்குடிக்குக்கூட வர மாட்டேன் என்று முகப்பைத் தாண்டுவதையே விட்டுவிட்டாள். ஆயா, அதாவது பாட்டி, மந்திரித்துக் கயிறு கட்டினார்கள், உறவுக்காரர்கள் பயந்த சுபாவம் என்றார்கள்.

தைராய்டு உட்பட எல்லாம் பார்த்த பிறகு மனநல மருத்துவர்தான் பேனிக் டிஸார்டர், அதாவது திடீர்ப் பீதி நோய், என்றார். அந்தத் தாக்குதல் சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய் இறங்கிவிடும். மறுபடி வந்துவிடுமோ என்று ஒரு மாதம், அதற்கு மேலும் பயந்துகொண்டே இருப்பதுதான் நோய். தப்பித்து வர முடியாத இடம் என்று பஸ்ஸையும் கூட்டத்தையும் தவிர்ப்பதற்கு அகோராஃபோபியா என்று பெயர். அதே கல்யாணத்துக்கு இன்னொருத்தி, நாலு பேர் பார்த்து என்ன நினைப்பார்களோ என்று வராமல் இருந்தால் அது சோஷியல் ஆங்சைட்டி. வந்து உட்கார்ந்தும் பிள்ளை படிப்பு, கடன், உடம்பு என்று எல்லாவற்றுக்கும் ஆறு மாதத்துக்கு மேலாகத் தூக்கமில்லாமல் கவலைப்படுகிறவளுக்கு இருப்பது பொதுப் பதற்ற நோய். ஓசிடியையும் (வேண்டாத எண்ணமும் செய்ததையே செய்வதும் விடாமல் வருவது) பிடிஎஸ்டியையும் (பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு வருவது) அமெரிக்க மனநலக் கையேடு 2013இல் இந்தப் பிரிவிலிருந்து எடுத்துவிட்டது, பழைய கட்டுரைகளில் சேர்த்தே போட்டிருப்பார்கள், குழம்பாதீர்கள்.

வகை தெரிந்தால்தான் வீட்டில் இருப்பவர்களுக்கு வேலை புரியும். ஆச்சிக்கு மாத்திரை வேலை செய்யவே சில வாரம் ஆனது, அதோடு சிகிச்சையாளர் சொன்னபடி முதலில் தெருமுனை, பிறகு ஒரு ஸ்டாப் பஸ் என்று நடுக்கத்தோடேயே கூட்டிப்போனோம். "பயமா இருந்தா வீட்லயே இரு" என்று அன்பாகச் சொன்னவர்களால்தான் அவளுக்கு முற்றியது, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

உங்கள் மனைவியிடம் அந்த நேரத்தில் எதை நினைத்துப் பயப்படுகிறாள் என்று கேளுங்கள்: சாவா, நாலு பேர் பார்வையா, நாளைக்கு என்ன ஆகுமோ என்பதா. அதை அவள் வார்த்தையிலேயே டாக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அதுவரைக்கும் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம்.