பாறை ஏற 20 அங்குல வீலில் 37 டயர் போடலாமா?

உங்கள் வண்டி ஜேகே தலைமுறை ஜீப் ராங்ளர் ரூபிகான். கம்பெனியில் வந்த 255/75 ஆர்17 டயர்தான் இன்னும் ஓடுகிறது. அதைக் கழற்றிவிட்டு 20 அங்குல வீலும் 37 அங்குல டயரும் போட்டுப் பாறை ஏறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில்: வீல் 17 அங்குலமே இருக்கட்டும், டயர் 35க்குப் போங்கள். 37 பற்றிப் பிறகு யோசிக்கலாம். 20 அங்குல வீல் மட்டும் வேண்டவே வேண்டாம்.

பாறையில் வேலை செய்வது ரிம்முக்கும் தரைக்கும் நடுவில் இருக்கிற ரப்பரும் காற்றும்தான். 35 டயரை 17 ரிம்மில் போட்டால் சைடுவால் (டயரின் பக்கச்சுவர்) உயரம் 9 அங்குலம்: 35இல் 17 போக மிச்சத்தில் பாதி. அதே 35ஐ 20 ரிம்மில் வாங்கினால் ஏழரை அங்குலம்தான். சரி, 37ஐ 20இல் போட்டால்? எட்டரை. அவ்வளவு பெரிய டயர் வாங்கியும் 17இல் மாட்டிய 35 அளவுக்குக்கூட சைடுவால் கிடைக்கவில்லை. எடை மட்டும் கூடுகிறது.

அந்த அரை அங்குலம், ஒன்றரை அங்குலத்துக்கு ஏன் இவ்வளவு பேச்சு என்று தோன்றினால், காற்றை 12 பிஎஸ்ஐக்கு இறக்கிவிட்டு, முன்சக்கரம் ஒரு படிப்பாறையில் மெதுவாக ஏறுவதைச் சற்றுத் தள்ளி உட்கார்ந்து பாருங்கள். கல்லின் விளிம்பு முதலில் டயருக்குள் அமுங்கும். டயர் பட்டன்களுக்கு (தரையைப் பிடிக்கும் ரப்பர் கட்டிகளுக்கு) நடுவில் இருக்கிற இடைவெளி விரிந்து அந்த விளிம்பைக் கவ்வும். சைடுவால் பிதுங்கி ரிம்மின் ஓரத்தைத் தாண்டி வெளியே நிற்கும். அப்புறம்தான் வண்டி எழும், சக்கரம் சுற்றாமல். சைடுவால் குட்டையாக இருந்தால் இந்த அமுக்கத்துக்கு இடமே இல்லை. கல் நேராக ரிம்மில் வந்து இடிக்கும். நடுவில் மாட்டிக்கொண்ட ரப்பர் கிழியும், இல்லையென்றால் அலாய் விரிசல் விடும்.

காற்றை இறக்கும்போது டயரின் தடம் அகலத்தில் கொஞ்சம்தான் கூடும், நீளத்தில்தான் நிறையக் கூடும். ஆகவே பாறைக்கு அகலத்தைவிட உயரமே முக்கியம். 12.50 அங்குல அகலம் தாராளமாகப் போதும்.

ரிம் எவ்வளவு சின்னது போடலாம் என்பதைப் வீலுக்குள் உட்காரும் பிரேக் காலிப்பர்தான் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) முடிவு செய்யும். பழைய ஜீப்புகளில் 15 அங்குல ரிம் சாதாரணமாக நுழையும். பெரிய டிஸ்க் பிரேக் உள்ள இப்போதைய வண்டிகளில் 17தான் வழக்கம், நல்ல டயர்களும் அந்த அளவில்தான் அதிகம் கிடைக்கின்றன. ரிம் அகலம் 8.5 அல்லது 9 அங்குலம். 12.50 டயருக்கு 10, 11 அங்குல ரிம்மும் பொருந்தும்தான், ஆனால் குறைந்த காற்றில் டயர் ரிம்மைவிட்டுக் கழன்றுவிடாமல் பிடித்துவைப்பதற்குக் குறுகலான ரிம்மே நல்லது.

வீல் எவ்வளவு வெளியே தள்ளி நிற்கிறது என்பதையும் பாருங்கள். 9 அங்குல அகல ரிம்மில் ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் மாட்டும் முகம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பது; மைனஸ் என்றால் வீல் வெளியே தள்ளி நிற்கும்) மைனஸ் 12 மில்லிமீட்டர் என்றால் பேக்ஸ்பேசிங், அதாவது மாட்டும் முகத்திலிருந்து ரிம்மின் உள்விளிம்பு வரை உள்ள தூரம், சுமார் நாலரை அங்குலம். 35 டயர் சஸ்பென்ஷனில் உரசாமல் திரும்ப அது போதும். பார்வைக்கு நன்றாக இருக்கிறது என்று அதற்கு மேலும் வெளியே தள்ளினால் பால் ஜாயிண்டும் வீல் பேரிங்கும் சீக்கிரம் தேயும். பாறையில் ஸ்டியரிங்கைத் திருப்பவும் கனக்கும்.

இனி 35ஆ 37ஆ என்ற கேள்வி. ஆக்ஸிலுக்குக் கீழே இருக்கும் இடைவெளியைக் கூட்டுவது டயர் மட்டுமே. லிஃப்ட் கிட் (சஸ்பென்ஷனை உயர்த்தும் பாகங்கள்) பாடியைத்தான் தூக்கும், ஆக்ஸிலைத் தூக்காது. இப்போதைய டயர் சுமார் 32 அங்குலம். 35 போட்டால் ஆக்ஸில் ஒன்றரை அங்குலம் எழும், 37 என்றால் இரண்டரை. கூடுதலாகக் கிடைக்கும் அந்த ஒரு அங்குலம் பாறையில் பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதன் சுமை முழுவதும் முன் ஆக்ஸிலில் இறங்குகிறது. ரூபிகானில் முன்னும் பின்னும் டானா 44 என்ற பலமான ஆக்ஸில் இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். மற்ற ஜேகேக்களில் முன்னால் அதைவிட மெலிந்த டானா 30தான். இருந்தாலும் ஜேகே முன் ஆக்ஸிலின் குழாயும், முனையில் பால் ஜாயிண்ட் உட்காரும் சி வடிவப் பகுதியும் கனமான டயருக்கு வளையக்கூடியவை. 37 போடுகிறவர்கள் குழாய்க்குள் ஸ்லீவ் (இன்னொரு உள்குழாய்) இறக்கி, முனைகளில் பட்டை வெல்டிங் செய்து பலப்படுத்திவிட்டுத்தான் போடுகிறார்கள். இரண்டு பாறைக்கு நடுவில் சக்கரம் சிக்கியிருக்கும்போது ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஆக்ஸில் ஷாஃப்ட்டோ அதன் யு-ஜாயிண்ட்டோதான் முதலில் உடையும். டயர் பெரிதாகப் பெரிதாக அந்த முறுக்கும் கூடும்.

கியர் கணக்கும் உண்டு. ஆக்ஸில் ரேஷியோ (சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற டிரைவ்ஷாஃப்ட் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்பது) 4.10 என்றால் 35 டயரில் அது 3.75 போல நடந்துகொள்ளும், 37இல் 3.55 போல; எண் குறைந்தால் இழுவையும் குறையும். ரூபிகானின் 4:1 லோ (மெதுவாக, அதிக இழுவையோடு போவதற்கான கியர்) இருப்பதால் பாறையில் 35க்கு இது பெரிதாகத் தெரியாது. ரோட்டில் ஏற்றத்தில் தெரியும், குறிப்பாக 2011 வரை வந்த 3.8 லிட்டர் எஞ்சினில். 37 என்றால் 4.88 அல்லது 5.13 கியர் மாற்றும் செலவையும் டயர் செலவோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

டயர் வாங்கும்போது லோட் ரேஞ்ச் (டயர் எவ்வளவு சுமை தாங்கும் என்பதைக் காட்டும் எழுத்து) பாருங்கள். ஈ வகை கனரகச் சுமைக்கானது, சைடுவால் விறைப்பாக இருக்கும். உங்கள் வண்டி எடைக்கு சி அல்லது டி கிடைத்தால் அதை எடுங்கள், நன்றாக மடங்கிக் கொடுக்கும். சாதாரண ரிம்மில் 12 முதல் 15 பிஎஸ்ஐ வரை இறக்கலாம். டயரின் விளிம்பை வளையமும் போல்ட்டும் வைத்து ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் பீட்லாக் வீலில் 8க்கும் கீழே போகலாம். ஆனால் அதில் வளையத்து போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்து அவ்வப்போது சரிபார்க்கும் பொறுமை வேண்டும். பீட்லாக்கை ரோட்டில் ஓட்டச் சட்டம் அனுமதிக்கிறதா என்பது இடத்துக்கு இடம் மாறும், விசாரித்துக்கொள்ளுங்கள்.

மாட்டியதும் கிளம்பிவிட வேண்டாம். ஒரு பக்க முன்சக்கரத்தை ஜாக்கியில், பம்ப் ஸ்டாப் (சஸ்பென்ஷன் மேலே போவதைத் தடுக்கும் ரப்பர்) முழுக்க அமுங்கும்வரை தூக்கி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள். உள்பக்கம் சஸ்பென்ஷன் கம்பியிலும் வெளிப்பக்கம் மட்கார்டிலும் விரல் நுழையும் இடைவெளி இருக்க வேண்டும். 35க்கு இரண்டு, இரண்டரை அங்குல லிஃப்ட் போதுமானது. அதற்கும் உரசினால் இன்னும் தூக்குவதைவிட மட்கார்டை வெட்டுவது மேல், பக்கச்சரிவில் வண்டி சாயாது. ஸ்டெப்னியும் 35ஆகவே இருக்கட்டும். கனத்தில் பின்கதவுக் கீல் தொங்கிப்போகும் என்பதால் அதற்குத் தனித் தாங்கியும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.