மழை விட்ட பிறகு மண் ஏன் ஓடு கட்டுகிறது? கேள்வி பதில்

ஐயா, புதுக்கோட்டைப் பக்கம் செம்மண் காடு. எள் விதைத்த மறுநாள் நல்ல மழை. இப்போது மேல்மண் அப்பளம் மாதிரி காய்ந்து கிடக்கிறது, முளை வரவில்லை.

மண்ணைச் சுழன்று பொடியாக்கும் ரோட்டவேட்டரை எத்தனை தடவை ஓட்டினீர்கள்? இரண்டு மூன்று என்றால் காரணம் அங்கேதான். மாவாக்கிய மண்ணில் மழைத்துளி விழுந்தால் மிச்சமிருக்கும் சின்னக் கட்டிகளும் சிதறி, அந்தப் பொடி துளைகளை அடைத்துக்கொள்ளும், வெயில் வந்ததும் ஓடாகிவிடும். ஓட்டைக் கொஞ்சம் பெயர்த்துப் பாருங்கள், அடியில் முளை வெளுத்து மடங்கிக் கிடக்கும். உடனே தெளிப்பில் லேசாகத் தண்ணீர் விட்டு, முள்கொத்தை (பற்கள் வைத்த கிளறும் கருவி) மேலாக இழுங்கள், அழுத்த வேண்டாம். அடுத்த பருவத்துக்கு எக்டேருக்கு 2 டன் சுண்ணாம்பு, கூடவே 10 டன் தொழுவுரம் அல்லது 12.5 டன் மக்கிய தென்னை நார்க்கழிவு. செம்மண் ஓடு கட்டும் நிலத்துக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் அளவு இது.

அண்ணா, மன்னார்குடி. சம்பா அறுத்துவிட்டு உளுந்துக்கு உழுதால் பாளம் பாளமாகப் பெயர்கிறதே?

சேற்றுழவின் வேலையே அதுதான் தம்பி. நெல்லுக்குத் தண்ணீர் நிற்க வேண்டும் என்று நாமே மண்ணின் கட்டமைப்பைக் கலக்கிக் குழம்பாக்குகிறோம். கேஜ் வீல், அதாவது சேற்றில் ஓட டிராக்டருக்கு மாட்டும் இரும்புக் கூண்டுச் சக்கரம், மிதித்த இடத்துக்குக் கீழே, ஒரு சாண் ஆழத்தில் கெட்டித் தட்டு விழுகிறது. நெல்லுக்கு அது வரம், உளுந்து வேருக்குச் சுவர். டெல்டாவில் அறுவடைக்கு 7 முதல் 10 நாள் முன்னால், நிற்கிற நெல்லுக்குள்ளேயே மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது உளுந்தை வீசிவிடுவது சும்மா இல்லை, உழாமலே ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும் வித்தை. இயந்திர அறுவடை வந்த பிறகு சக்கரத் தடத்தில் மட்டும் பயிர் சோகையாக நிற்கிறது, அதற்கு முழுத் தீர்வு என்னிடம் இல்லை.

வெள்ளத்தில் பத்து நாள் மூழ்கிய வயல். எப்போது டிராக்டரை இறக்கலாம்?

நான் ஒரு வருடம் அவசரப்பட்டு ஈரத்திலேயே இறக்கி, அடுத்த இரண்டு போகத்துக்கும் அந்தத் தடத்தை வரப்பில் நின்றே பார்க்க முடிந்தது. ஒரு சாண் ஆழத்து மண்ணை எடுத்து உள்ளங்கையில் உருட்டுங்கள். திரியாக நீண்டால் காத்திருங்கள், உதிர்ந்தால் இறக்கலாம். மேலே படிந்த வண்டல் சுருண்டு பெயர்வதைப் பார்த்து ஏமாறாதீர்கள், அடியில் இன்னும் களியாக இருக்கும். தண்ணீர் நின்ற நாட்களில் காற்று இல்லாமல், மண்துகளை ஒட்டவைக்கும் இரும்புப் பிணைப்பும் கொஞ்சம் கரைந்திருக்கும், அதனால் காய்ந்தபின் வழக்கத்தைவிட இறுகும். அடுத்த பயிருக்கு முன் இடைவெளியில், மடக்கி உழும் பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டு போட முடிந்தால் போடுங்கள்.

எல்லா மண்ணுக்கும் ஜிப்சம் போடலாமா?

வேண்டாம். காய்ந்த மண்கட்டி ஒன்றைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் அசைக்காமல் போடுங்கள். கட்டி சரிந்தும் தண்ணீர் தெளிவாக இருந்தால் மண்ணில் மக்கிய பொருள்தான் குறைவு, தொழுவுரம் போடுங்கள். சில மணி நேரம் கழித்தும் கட்டியைச் சுற்றிப் பால் மாதிரி கலங்கி நின்றால் சோடியம் இருக்க வாய்ப்பு. அப்போது மண் பரிசோதனை செய்து, சொல்லும் அளவுக்கு ஜிப்சம் போட்டு, நல்ல தண்ணீர் கட்டி வடித்துவிட வேண்டும். வடிகால் இல்லாமல் போட்டால் காசு தண்டம்.

அடிமண்ணின் கெட்டித் தட்டை உடைக்கும் உளிக்கலப்பையை எப்போது ஓட்டலாம்?

மானாவாரிக்கு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை, அரை மீட்டர் இடைவெளியில், கோடையில் மண் காய்ந்திருக்கும்போது. நெல் மட்டுமே வைக்கும் வயலில் அந்தத் தட்டை உடைத்தால் தண்ணீர் நிற்காது, அப்புறம் என்னைத் திட்டாதீர்கள்.