நியூரோஎண்டோக்ரைன் என்றாலே காலியம் ஸ்கேனா?

கேள்வி: அம்மாவுக்குக் கருப்பை வாயில் கட்டி. பயாப்ஸியில் ‘ஸ்மால் செல் நியூரோஎண்டோக்ரைன் கார்சினோமா’ என்று வந்திருக்கிறது. இதற்கென்றே காலியம் டோட்டா பெட் ஸ்கேன் இருக்கிறது, உடனே எடுத்துவிடலாம் என்கிறார் புதுச்சேரியில் எங்களுக்கு உதவும் ஒருவர். எடுக்கலாமா? (வாசகி, பண்ருட்டி)

அந்த மனிதர் டாக்டரா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றே எடுத்துக்கொள்கிறேன். இப்போதைக்கு அந்த ஸ்கேன் வேண்டாம்.

நியூரோஎண்டோக்ரைன் என்றால் நரம்பு, ஹார்மோன் செல்களின் குணம் கொண்ட கட்டி; ஸ்மால் செல் அதில் வேகமாகப் பெருகும் ஒரு வகை. ஸ்கேனுக்காக ஊசியில் ஏற்றும் கதிரியக்கக் காலியம் மருந்து ஒட்டுவதற்குக் கட்டியின் செல்களில் ஒருவகை ஏற்பி இருக்க வேண்டும். நிதானமாக வளரும் கட்டிகளில் அது நிறைய இருக்கும். ஸ்மால் செல் போல வேகமாகப் பெருகுவதில் பெரும்பாலும் குறைவு. படத்தில் ஒன்றும் தெரியாவிட்டால் ‘பரவவில்லையாம்’ என்று வீட்டில் சந்தோஷப்படுவீர்கள். அதுதான் ஆபத்து.

அம்மாவுக்கு வேண்டியவை இரண்டு. கட்டியின் அளவும் அது சிறுநீர்ப்பைப் பக்கம் போயிருக்கிறதா என்பதும் தெரிய, இடுப்புப் பகுதி எம்ஆர்ஐ. நெறிக்கட்டு, நுரையீரல், கல்லீரல், எலும்பைப் பார்க்க, குளுக்கோஸ் மருந்து ஏற்றி எடுக்கும் எஃப்டிஜி பெட் சிடி. சர்க்கரை நோய் இருந்தால் தேதி வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். ஸ்கேனுக்குச் சற்று முன் இன்சுலின் போட்டால் அந்தக் குளுக்கோஸ் மருந்தெல்லாம் தசைக்குப் போய்ப் படம் கெட்டுவிடும்.

காலியம் ஸ்கேன் வீண் என்று சொல்லவில்லை. சூலகத்தில் ‘கார்சினாய்டு’ என்று மெதுவாக வளரும் நியூரோஎண்டோக்ரைன் கட்டி ஒன்று வரும், பெரும்பாலும் டெர்மாய்டு கட்டிக்குள்ளேயே (முடி, தோல் போன்றவை இருக்கும் கட்டி). அங்கே இது நன்றாக உதவும். இரண்டு சூலகத்திலும் கார்சினாய்டு இருந்தால் அது குடலிலிருந்து வந்ததோ என்று தேட வேண்டும். அதற்கும் இதுதான் கைகொடுக்கும். உங்கள் அம்மாவுடையது அது இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில் ஃபைலைக் கையில் வாங்கிக்கொண்டு ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்பவருக்கு எந்த ஸ்கேனில் கமிஷன் அதிகமோ அதுதான் நல்ல ஸ்கேன். ஆனால் அவரை வளர்த்துவிட்டதே ஆஸ்பத்திரியில் ஆளை அலையவிடும் நாம்தானே? ஒரு துறையில் சீட்டு, அடுத்ததில் சீல், மூன்றாவதில் ‘அடுத்த மாசம் வாங்க’. இந்தக் கட்டி அடுத்த மாதம் வரை சும்மா இருக்காது. புற்றுநோய் டாக்டரிடமே ‘அவசரம்’ என்று சீட்டில் எழுதி வாங்குங்கள், கூச்சப்படாதீர்கள்.

அப்புறம், ஸ்மால் செல்லா இல்லையா என்பதை எந்த ஸ்கேனும் சொல்லாது. எம்ஆர்ஐயில் சாதாரணக் கருப்பை வாய்ப் புற்றுநோய் போலவேதான் தெரியும். நியூரோஎண்டோக்ரைன் வகையைக் காட்டும் சினாப்டோஃபைசின், குரோமோகிரானின் சாயப் பரிசோதனைகள் ரிப்போர்ட்டில் இருக்கின்றனவா பாருங்கள். இல்லையென்றால் லேபில் ஸ்லைடோடு, பயாப்ஸி திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்கி டாக்டரிடம் கொடுங்கள். ஸ்கேன் படங்கள் பதிந்த சிடி வட்டையும் அப்படியே. வெறும் ரிப்போர்ட்டோடு வீடு திரும்பாதீர்கள்.