நாய் உடம்புல இருக்கற கட்டிய மாசாமாசம் போன் ஸ்கேன் ஆப்ல அளந்து பாத்தா போதுமா, டாக்டர்கிட்ட போகணுமா?

போதாதுங்க. இப்படிக் கேக்கறீங்கன்னாலே கட்டியப் பாத்து ரெண்டு மூணு வாரம் ஆயிருக்கும், இன்னும் தள்ளிப் போட்டுக்கிட்டு இருக்கீங்க. தப்பா நினைக்காதீங்க, நானும் அதத்தான் பண்ணேன்.

எங்க பிரவுனி லேப்ரடார், அப்ப ஒம்போது வயசு. தொடைல பட்டாணி சைஸ்ல ஒண்ணு கைக்குத் தட்டுப்பட்டுச்சு. ஏற்கெனவே நெஞ்சுல ஒரு கொழுப்புக் கட்டி இருக்கு, வயசான லேபுக்கு அது சகஜம், இதையும் அதே கணக்குல சேத்துட்டேன். மச்சான்கிட்ட லைடார், அதாவது லேசர் ஒளிய வச்சு தூரம் அளக்கற சென்சார், இருக்கற ஐபோன் இருந்துச்சு, ஆப் ஒண்ணு ஏத்தி ஸ்கேன் பண்ண ஆரம்பிச்சேன். பொண்ணு பிஸ்கெட்ட காட்டிப் புடிச்சு நிறுத்துவா, இவன் வால ஆட்டுவான், மாடல்ல பாத்தா மூணு வாலு! முடிய தண்ணி தொட்டுப் பிரிச்சு விடலேன்னா அது கட்டிய அளக்கல, முடியத்தான் அளக்குது.

எனக்குக் கோயம்புத்தூர்ல பட்டறையில குவாலிட்டி வேலை. மைக்ரான் கணக்குல அளக்கறதுதான் பொழப்பு, அதனால 'டெக்னாலஜி தெரியாதவன் பேசறான்'னு கமெண்ட்டுக்கு வராதீங்க. ஒரே கட்டிய ஒரே நாள்ல மூணு தடவ அளந்தேன், 12, 15, 11 மில்லிமீட்டர். எங்க பட்டறையில இப்படி ஒரு கருவி வந்தா தூக்கி ஓரமா வச்சிருவோம். லைடார் ரூம், சோபா அளக்க வந்த சமாச்சாரம். காசு பக்கத்துல வச்சு போட்டோ எடுக்கறவங்களுக்கும் சொல்றேன், 2011ல வந்த ஒரு ரூபா 22 மில்லி, 2019ல வந்தது 20 மில்லி, மாத்தி வச்சா அவ்ளோதான்.

அப்புறம் பட்டறை வெர்னியர்ல அளந்தேன். மொத வாரம் 14, மூணாவது வாரம் 11. 'கரையுது பாரு'ன்னு வீட்டுல பெருமையா சொன்னேன். அடுத்த வாரம் 17, செவசெவன்னு. டாக்டர் என் நோட்ட ஒரு பார்வை பாத்துட்டு ஊசி போட்டு செல் எடுத்து மைக்ராஸ்கோப்ல வச்சாரு. மாஸ்ட் செல் கட்டி, நாய்க்குத் தோல்ல வர்ற ஒரு வகை கேன்சர். அந்த செல்லுக்குள்ள ஹிஸ்டமின் இருக்கு, அது வெளிய வந்தா வீங்கும், அப்புறம் வத்தும்னாரு. அந்த வத்தலத்தான் நான் கரையுதுன்னு கொண்டாடியிருக்கேன். சுத்தி ரெண்டு சென்டிமீட்டர் விட்டு வெட்டுனதுல தையல் ஒரு சாண் நீளம். நல்லவேளை லோ கிரேடு, அதாவது வீரியம் கம்மியான வகை, இப்ப ரெண்டு வருஷமா நல்லா இருக்கான்.

அளக்கறதே வேஸ்ட்டுன்னு சொல்லல. விட்டம் 12ல இருந்து 15 ஆனா மூணு மில்லிதானேன்னு தோணும், கன அளவு கிட்டத்தட்ட டபுள். டிகிலனால் டிக்லேட்னு நாயோட மாஸ்ட் செல் கட்டிக்குள்ளயே போடற ஊசி மருந்து, அமெரிக்காவுல 2020ல அனுமதி குடுத்தாங்க, அதுக்கு டோஸே கன அளவ வச்சுத்தான். ஆனா என்ன கட்டின்னு அளவு சொல்லாது.

தையலோட இருந்த நாய லிஃப்ட்ல ஏத்தக்கூடாதுன்னு எங்க அபார்ட்மென்ட் அசோசியேஷன்ல சொன்னாங்க பாருங்க, அத இன்னும் மறக்கல. 32 கிலோ, மூணு மாடி, தூக்கிட்டு எறங்குனேன். சோபா ஏத்தலாம், சிலிண்டர் ஏத்தலாம், நாய் கூடாதாம்.

சரி விடுங்க. கட்டி பட்டாணிய விடப் பெருசா இருந்தாலோ ஒரு மாசமா இருந்தாலோ இந்த வாரமே ஊசி டெஸ்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, அதுவரைக்கும் அழுத்தி அழுத்திப் பாக்காதீங்க.