டாக்டரிடம் மறைக்கும் அப்பா

கேள்வி: என் அப்பாவுக்கு 64 வயது. பிரஷர் மாத்திரை ஆரம்பித்ததும் வறட்டு இருமல் வந்தது. டாக்டரிடம் சொன்னபோது அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்றுவிட்டார். அன்றோடு அப்பா மாத்திரையை நிறுத்திவிட்டார். செக்கப்புக்குப் போனால் மட்டும் "தினமும் போடுகிறேன்" என்கிறார். இப்போது இரண்டாவது மாத்திரையும் எழுதியிருக்கிறார்கள். "பார்த்தாயா, காசு பறிக்கிறார்கள்" என்கிறார். எப்படிப் புரியவைப்பது?

பதில்: அப்பாவின் சந்தேகத்தில் நியாயம் இருக்கலாம். எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற மாத்திரைகள் சிலருக்கு விடாத வறட்டு இருமலைக் கொடுக்கும். டாக்டர்களுக்கு நன்றாகத் தெரிந்த பக்கவிளைவுதான். வேறு வகைக்கு மாற்றினால் பெரும்பாலும் சில வாரங்களில் நின்றுவிடும். அன்று அந்த டாக்டர் ஒரு நிமிடம் காதுகொடுத்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது.

ஆனால் இரண்டாவது மாத்திரை வந்தது காசுக்காக என்று எனக்குத் தோன்றவில்லை. அப்பா மாத்திரை போடுவதாகச் சொல்கிறார், பிரஷரோ இறங்கவில்லை. மருந்து போதவில்லை என்றுதானே டாக்டர் நினைப்பார்? அப்பா மறைக்க மறைக்க மருந்து கூடும், மருந்து கூடக் கூட அவருடைய சந்தேகமும் கூடும். இதற்கிடையில் பிரஷர் சத்தமில்லாமல் சிறுநீரகத்தையும் இதயத்தையும் மூளையையும் கெடுத்துக்கொண்டிருக்கும்.

அதனால் புரியவைக்கும் முயற்சியை விடுங்கள். "இருமலைப் பற்றி நீங்கள் சொன்னது சரியாக இருக்கலாம் அப்பா" என்று ஆரம்பியுங்கள். அப்புறம், பழைய டாக்டர்தான் வேண்டும் என்றில்லை, வேறொருவரிடம் கூட்டிப்போங்கள். மாத்திரையை நிறுத்தியதை அப்பாவே சொல்லட்டும். டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று பயப்பட வேண்டாம். நீண்டகால நோய்களில் ஏறக்குறைய பாதிப் பேர்தான் சொன்னபடி மருந்து எடுக்கிறார்கள், அதுவும் வளர்ந்த நாடுகளில், என்று உலக சுகாதார நிறுவனம் 2003-லேயே சொல்லிவிட்டது.

போவதற்கு முன் ஒரு வாரம் வீட்டிலேயே காலையும் மாலையும் இரண்டிரண்டு முறை பிரஷர் பார்த்து, அப்பா கையாலேயே எழுதி வைக்கட்டும். டாக்டரை நம்பாதவர் தன் கையெழுத்தை நம்புவார். வீட்டு அளவு சராசரியாக 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் அதிகம்தான்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். மனம் மாறி, எழுதிக்கொடுத்த இரண்டு மாத்திரைகளையும் ஒரே நாளில் அவராக ஆரம்பிக்கக் கூடாது. பிரஷர் சட்டென்று இறங்கித் தலைசுற்றி விழ வாய்ப்பு உண்டு. எதை, எவ்வளவு என்பதைப் புது டாக்டர் சொல்லட்டும். இடையில் நெஞ்சு வலித்தாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு பக்கம் கை கால் மரத்தாலோ அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.